நாட்றாம்பாளையத்துக் காட்டிலே

பெங்களூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஓசூரைப் பார்த்திருப்பார்கள். கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் உற்பத்தியாகிற ஊர். நடுநிசியிலும் அங்கே ஷிப்டு பஸ்கள் ஓடிக் கொண்டிருக்கும். அந்த ஓசூரிலிருந்து தெற்கே திரும்பித் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, மலைப் பாதையில் வளைந்து வளைந்து அஞ்செட்டியில் இறங்கி, இன்னும் சிறிது தூரம் காட்டோடு காடாகப் போனால் நாட்றாம்பாளையம் வருகிறது. ஓசூரில் மணி சொல்வது ஆலைச் சங்கு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் நாட்றாம்பாளையத்தில் மணி சொல்வது யானை! அது வெளியே வரும் நேரத்தில் மனிதர்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அது காட்டுக்குள் போன பிறகுதான் பால்காரர் சைக்கிளை எடுக்கலாம்.

ஒகேனக்கல் அருவிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. எண்ணெய் ஸ்நானமும் மீன் வறுவலும் மனத்தில் நிற்க, கார் ஜன்னலை ஏற்றிக் கொண்டு பறந்து விடுகிறார்கள். நாங்கள் இறங்கினோம். காரணம், எங்கள் வீட்டுக்காரருடைய புஸ்தகப் பைத்தியம்.

கென்னத் ஆண்டர்சன் என்ற பெயரை நேயர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1910-ல் பிறந்து 1974-ல் காலமான பெங்களூர்வாசி. ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்ட கதைகளை இங்கிலீஷில் எழுதியவர். ஜவளகிரி, அஞ்செட்டி, கேரட்டி என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களெல்லாம் சீமையில் அச்சேறியது அவரால்தான். 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புஸ்தகத்தில் ஓர் அத்தியாயமே பைரா என்ற பூசாரி இனத்து மனிதரைப் பற்றியது. சின்னாற்றுப் பக்கத்தில் வாழ்ந்தவர் பைரா. திருட்டு வேட்டைக்காரராக அறிமுகமாகி, ஆண்டர்சனுக்குக் காட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாராகவே ஆகிவிட்டவர். துப்பாக்கி துரையின் கையில் இருந்தது வாஸ்தவம். ஆனால் புலி எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்று சொன்னது யார்? அந்தக் கேள்வியைக் கதை படிக்கிற யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ துரையைவிடப் பைராவைத்தான் பிடித்திருந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போயிற்று. 2014-ல் இந்தக் காடுகளில் 504 சதுர கிலோ மீட்டருக்கு ‘காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம்’ என்று பெயர் சூட்டினார்கள். 2022-ல் ‘காவேரி தெற்கு’ என்று இன்னும் 686 சதுர கிலோ மீட்டர் சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம் இருக்கிறது. மனிதனுக்குத்தான் எல்லை, இரண்டு ராஜ்யம், தண்ணீர் வழக்கு எல்லாம். நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தார் காவேரித் தண்ணீரை அளக்கிறார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு என்று சொன்ன 177.25 டி.எம்.சி.யும் அங்கேதான் கணக்காகிறது. யானையோ அளவு கேட்காமல் குடித்துவிட்டு இக்கரைக்கு வருகிறது.

துப்பாக்கி போனாலும் வழிகாட்டி போகவில்லை. எங்களுக்கு வாய்த்த பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பல வருஷம் காட்டில் தற்காலிகக் காவலராக இருந்தவர். ஒல்லியான தேகம், காக்கிச் சட்டை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, காலில் லாரி டயர்ச் செருப்பு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நடுவில் தெலுங்கும் எட்டிப் பார்க்கும். முறைப்படி அனுமதி வாங்கி, வனத்துறை ஊழியர் ஒருவரும் கூட வர, விடியற்காலையில் கிளம்பினோம். நாங்கள் இருவர், பெங்களூரிலிருந்து வந்த மூன்று வாலிபர்கள்.

கிளம்புவதற்கு முன்பே எனக்குப் பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. “பூவை எடுத்துடுங்கம்மா” என்றார். ஆசையாக வைத்துக் கொண்டிருந்த இரண்டு முழம் மல்லிகை! வாலிபர்களில் ஒருவர் மேலே பூசியிருந்த ஸென்ட் வாசனையை முகர்ந்து பார்த்து, “நீங்க கடைசியா வாங்க தம்பி, காத்து மாறினா முன்னாலே வாங்க” என்றார். வாலிபருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை.

காற்றுத்தான் காட்டில் எல்லாம் என்பது நடக்க நடக்கப் புரிந்தது. நூறடிக்கு ஒரு தரம் பெரியவர் குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதி எடுத்து மேலிருந்து விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில் இருக்கிற ஜீவனுக்கு நம் வாசனை போகும். யானைக்குக் கண் பார்வை மட்டம். மூக்கோ நாம் நினைத்துப் பார்க்க முடியாத மூக்கு. காதும் அப்படியே. சாவகாசமாகக் காதை விசிறிக் கொண்டு மேய்கிற யானை, விசிறலை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றால், நம்மைக் கண்டுகொண்டது என்று அர்த்தமாம்.

ஓரிடத்தில் ஈர மண்ணில் ஒரு சுவடு, முறம் அளவுக்கு. பெரியவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து முன்னங்கால் சுவட்டைச் சுற்றி அளந்தார். அதைப் போல இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம் என்றார். இது அவருடைய கற்பனை அல்ல. யானையைப் பற்றிப் படித்தவர்களும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். எங்கள் சுவட்டுக்காரி ஏழரை அடி! “பொம்பளைதான், கூடக் குட்டி இருக்கு” என்று பக்கத்தில் சாம்பார்க் கிண்ணம் போலிருந்த சின்னச் சுவட்டைக் காட்டினார். பிறகு சாணத்தை மிதியடியால் பிரித்து, உள்ளே புறங்கையை வைத்துப் பார்த்தார். நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டு, “அடுப்பிலே தோசைக்கல்லு காஞ்சுதான்னு பாக்கறதில்லையா நீங்க? அதே மாதிரிதான்” என்று சிரித்தார்.

ஆற்றங்கரையில் நீர்மருது மரங்கள் வரிசையாக நிற்கும், அவற்றில் நரைத்த மலை அணில் தாவும், ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டால் அதைப் பார்ப்பது துர்லபம், கரையில் நீர்நாயும் முதலையும் உண்டு என்று எங்கள் வீட்டுக்காரர் வழியெல்லாம் ஆசை காட்டிக் கொண்டே வந்தார். ஆற்றுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அப்போது பெரியவர் நின்றார்.

புள்ளிமான் ஒன்று எங்கோ ஒரு முறை குரல் கொடுத்தது. அவ்வளவுதான். புழுதியை எடுத்து விட்டார். அது எங்களுக்கு முன்னால் சாய்ந்தது. ஒரு மரக்கிளை முறிகிற சத்தம், அப்பளம் நொறுங்குவது போல, மிகவும் அமைதியாகக் கேட்டது. பெரியவர் எங்கள் பக்கம் திரும்பினார். “திரும்பலாம்” என்றார்.

ஸென்ட் போட்ட வாலிபருக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஆற்றைக் கூடப் பார்க்காமலா? மரத்துக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு போட்டோ...” என்று தாழ்ந்த குரலில் வாதாடினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர ஆசைதான். பெரியவர் வாதாடவே இல்லை. வாலிபரின் தோளைப் பிடித்து, கோயிலில் பிரதட்சிணம் திருப்புவது போல, வந்த வழிக்கே திருப்பி விட்டார். வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் நடந்தோம். யானையை நாங்கள் பார்க்கவே இல்லை.

சாலைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார். “அதுங்க பேரைக் காட்டுலே சொல்ல மாட்டேன். சாமி அங்கே இருந்தது. குட்டியோட இருந்தது. தண்ணிக்கும் அதுக்கும் நடுவிலே நாம போயிருப்போம். காட்டைக் காட்டறதுக்கு யார் வேணா வரலாம் தம்பி. திருப்பிக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் நான்.” அவருடைய தமையனார் ஒரு மார்கழி மாலையில் மொபெட்டில் வீடு திரும்பும்போது இதே சாலையில் யானைக்குப் பலியானவர் என்று வனத்துறை ஊழியர் பிறகு எங்களிடம் சொன்னார். பெரியவர் அதைச் சொல்லவில்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, நடைபயணம் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டது நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக அமர்த்தியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும், அய்யூர் – சாமியேரிப் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. நடக்க விரும்புகிறவர்கள் அந்த வழியில் போவதுதான் புத்தி. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். திருப்பி அழைத்து வர ஆள் வேண்டாமா?

மத்தியானம் பெரியவர் வீட்டில் சாப்பாடு. ராகிக் களி, அவரைக்காய்க் குழம்பு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவருடைய சம்சாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது உருண்டைக்கு நான் தேறிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கடைசி வரையில் தேறவில்லை. அந்த ராகி ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான மானாவாரி நிலத்தில் விளைந்தது. கதிர் முற்றுகிற சமயத்தில்தான் கர்நாடகத்துப் பன்னர்கட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த மாவட்டத்துக் காடுகளுக்கு வந்து சேருகின்றன. ஒரு பெரிய யானை நாளுக்கு 150 கிலோ வரை தின்னும். காட்டில் பொழுதெல்லாம் அலைந்து தேட வேண்டிய தீனி, வயலில் ஒரே இடத்தில் தித்திப்பாக நிற்கும்போது யானையைக் குறை சொல்லி என்ன பயன்? சர்க்கார் நஷ்ட ஈடு உண்டு. அதற்கு அலைய வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மாள் முணுமுணுத்தார்.

“யானை மேலே உங்களுக்குக் கோபம் இல்லையா?” என்று கேட்டேன்.

அம்மாள் பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். பெரியவர் சிறிது யோசித்து, “ராத்திரி பரண்லே உட்காந்திருக்கையிலே உண்டும்மா. காலையிலே இல்லை” என்றார்.

வயலைப் பார்க்கக் கூட்டிப் போனார். வேப்ப மரத்தில் பரண். அதில் ஒரு கம்பளி, டார்ச் விளக்கு, தகர டப்பா, ஒரு மூட்டைக் கல். நிலத்தைச் சுற்றிலும் கலர் கலராக என்னவோ காற்றில் பறந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பழைய புடைவைகள்! காட்டுப் பன்றி அதைக் கண்டால் மிரளுமாம். “யானைக்கு?” என்றேன். “அது எந்தச் சேலைக்கும் பயப்படாதும்மா” என்றார்.

பஸ் ஏறும்போது அந்த அம்மாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பட்டணத்தில் பழைய புடைவைகள் இருந்தால் அனுப்ப முடியுமா? பளிச்சென்ற நிறமாக இருந்தால் நல்லது. வந்ததும் வராததுமாக பீரோவைத் திறந்து ஆறு புடைவைகளைப் பொறுக்கினேன். ‘இதை இன்னும் கட்டலாமே’ என்று நான் பத்து வருஷமாக வைத்திருந்த அந்தக் கிளிப்பச்சையும் அதில் சேர்த்தி. பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்டேன். சேர்ந்ததாம். ஐந்தை வேலியில் கட்டிவிட்டு, கிளிப்பச்சையை மட்டும் அம்மாள் தமக்கென்று எடுத்து வைத்துக் கொண்டாராம்.