சோறிடாத தர்மம்

வாசலில் வந்து நிற்கும் ஜீவனுக்கு ஒரு பிடி அன்னம் இடுவது நம் வழக்கம். காக்கைக்கு வைத்த பிறகே இலையில் உட்காரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் சோறிடாமல் இருப்பதே தர்மமாகும் சந்தர்ப்பமும் உண்டு என்பதை அமெரிக்க நகரங்களில் உலவும் கயோட்டி நமக்குப் போதிக்கிறது.

வட அமெரிக்காவுக்கே உரிய பிராணி இது. ஓநாய்க்குத் தம்பி; நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். புல்வெளிகளில் திரிந்த இந்தப் பிராணி நாளடைவில் பட்டணவாசியாகிவிட்டது. 2007-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், சிகாகோ நகரின் மத்தியில் ஒரு கயோட்டி சிற்றுண்டிக் கடைக்குள் நுழைந்து, குளிர்பானப் புட்டிகள் அடுக்கியிருந்த பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டது. யாரையும் கடிக்கவில்லை, பில் பணம்தான் கொடுக்கவில்லை!

சிகாகோ அடங்கிய குக் ஜில்லாவில் 2000-ம் வருஷம் முதல் ஆராய்ச்சியாளர் ஆயிரத்துக்கும் அதிகமான கயோட்டிகளைப் பிடித்து அடையாளமிட்டு, பலவற்றுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டையும் மாட்டி, அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்து வருகிறார்கள். எலியும் முயலுமே அவற்றின் முக்கிய ஆகாரம். மனிதர் கண்ணில் படாமல் இரவில் உலவுவதே அவற்றின் சுபாவம். அந்தப் பயம்தான் இரு தரப்பாருக்கும் நடுவே நிற்கும் வேலி.

அந்த வேலியைப் பிரித்துவிடுவது பெரும்பாலும் இரக்கமுள்ள கைதான். கொல்லையில் வைத்த மாமிசத் துண்டை ருசி கண்ட பிராணி, மறுநாள் காத்திருக்கிறது. பிறகு அதிகாரத்துடன் கேட்கிறது. 1981-ல் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில் ஒரு சிறு குழந்தை கயோட்டியால் உயிரிழந்தது. இத்தகைய விபரீதம் மிகமிக அபூர்வம். எனினும், துணிந்துவிட்ட பிராணியைச் சுட்டுக் கொல்வதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழி இருப்பதில்லை. சோறிட்டவரே அதற்கு மரண ஓலையும் எழுதிவிடுகிறார்.

எல்லாவற்றையும் கொன்று தீர்த்துவிடலாமே என்றால், அதுவும் பலிப்பதில்லை. காலியான எல்லைக்குள் வேறொரு ஜோடி விரைவில் குடியேறிவிடும்.

ஆகவே, குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். நாய், பூனைக்கு வைக்கும் ஆகாரம் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. சிறிய நாயைக் கயிற்றில் பிடித்தே உலாவ வேண்டும். கயோட்டி எதிர்ப்பட்டால் முதுகு காட்டி ஓடக் கூடாது; குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கையை வீசி அதட்ட வேண்டும். அருகில் குட்டிகள் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும், அதைப் பார்த்தபடியே மெள்ளப் பின்வாங்குவது உசிதம்.

அதட்டி விரட்டுவதைக் கருணை என்று சொல்ல நமக்குச் சற்றுக் கூசத்தான் செய்யும். ஆயினும், குழந்தையையும் கயோட்டியையும் ஒருங்கே உயிரோடு வைக்கும் கருணை அதுவே.