எஸ்கலாந்தே சாருக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் மடல்

மதிப்பிற்குரிய ஹைமே எஸ்கலாந்தே சார்,

எங்கள் பயிற்சி வகுப்புகளில் உங்கள் பெயர் அவ்வப்போது அடிபடும். உங்களைப் பற்றி 1988-இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ படத்திலிருந்து ஒரு துண்டை ஓட்டிக் காட்டுவார்கள். “ஒரு மனிதர் சாதிக்கவில்லையா? மார்ச்சுக்குள் உங்களாலும் முடியும்” என்பார்கள். படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் நன்றி சொல்ல நினைப்பது, படத்துக்குள் அடங்காத வருஷங்களுக்கு.

பொலிவியாவில் உங்கள் அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். லா பாஸ் நகரில் நீங்களும் இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்தீர்கள். 1963 முடியும் தறுவாயில் அமெரிக்கா போய் இறங்கியபோது உங்களுக்கு 33 வயது ஆகப்போகிறது. கையிலிருந்த சான்றிதழ் அங்கே செல்லாக்காசு, ஆங்கிலமும் கைகொடுக்கவில்லை. பாசடீனாவில் ஒரு காபிக்கடையில் தரை துடைத்தீர்கள், பிறகு அங்கேயே சமையல்காரர் ஆனீர்கள். மனைவி ஃபபியோலாவும் பிள்ளையும் இருக்க, வீடு நடக்க வேண்டுமே. வேலை நேரம் போகப் பாசடீனா சிட்டி கல்லூரியில் படிப்பு, பிறகு பர்ரோஸ் கணினி நிறுவனத்தில் வேலை, அதோடு சேர்த்துக் கணிதத்தில் மறுபடியும் ஒரு பட்டம். தான் வகுப்பெடுத்த பாடத்தைத் திரும்ப மாணவனாக உட்கார்ந்து படிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். லட்சியத்துக்காகக் குடும்பத்தை நட்டாற்றில் விட்டவர்களைத்தான் நாம் பெரிதாகக் கொண்டாடுகிறோம். நீங்கள் முதலில் வீட்டைக் கரை சேர்த்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்பினீர்கள். அதற்குப் பத்து வருஷம் பிடித்தது.

1974-இல், கைநிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தீர்கள். பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள் படித்த பள்ளி. அதன் அங்கீகாரமே பறிபோகும் நிலை. கணினி கற்றுத்தர வந்தவருக்குக் கிடைத்தது அடிப்படைக் கணக்கு. சமையல்காரர் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியால் ஆப்பிளை ஒரே போடாகப் போட்டுப் பின்னம் நடத்தினீர்களே, காபிக்கடை அனுபவம் வீண்போகவில்லை. (இங்கே நான் கத்தியோடு வகுப்புக்குள் நுழைந்தால் மறுநாள் விளக்கக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.)

இனி கணக்குக்கு வருவோம். 1979-இல் கல்லூரித் தரத்திலான ஏ.பி. நுண்கணிதத் தேர்வுக்கு உங்கள் வகுப்பில் எஞ்சி நின்றவர்கள் 5 பேர், தேர்ச்சி 2. அடுத்த ஆண்டு 9 பேரில் 7. அதற்கடுத்து 15-இல் 14. 1982-இல்தான் 18-க்கு 18. பள்ளியில் கால் வைத்து எட்டு வருஷம் கழித்து! படம் பார்த்துவிட்டு மார்ச் மாதக் கெடு வைப்பவர்கள் இந்த வரிசையைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

18-க்கு 18 என்றதும் சந்தேகம் வந்தது. விடைத்தாள்களில் பிழைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று தேர்வு நடத்தியவர்கள் 14 பேரின் மதிப்பெண்ணை நிறுத்தினார்கள். வசதியான பகுதியின் பள்ளி என்றால் இப்படிக் கேட்டிருப்பார்களா என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் கோபத்தோடு நிற்காமல் பிள்ளைகளை மறுபடி தயார்படுத்தினீர்கள். ஆகஸ்டில் 12 பேர் திரும்ப எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிது. 1987-இல் அதே பள்ளியில் 73 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அடுத்த நிலைத் தேர்வில் மேலும் 12 பேர். கீழ்வகுப்புகளிலேயே இயற்கணிதத்தைச் செப்பனிட்டதும், கோடை வகுப்புகளும், தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸ் பக்கபலமாக நின்றதும் சேர்ந்து விளைந்தது அது. அவர் போன பிறகு உரசல்கள் வந்தன. 1991-இல் நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். பொறாமைக்கு எந்த ஊரும் விலக்கில்லை போலும்.

2001-இல் மனைவியின் ஊரான கோச்சபாம்பாவுக்குத் திரும்பி, அங்கும் சும்மா இருக்காமல் பாடம் எடுத்தீர்கள். 2010-இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை என்று மீண்டும் அமெரிக்கா வந்தபோது, உங்கள் பழைய மாணவர்களும் அந்தப் படத்தில் நடித்தவர்களும் சேர்ந்து உங்களுக்காகப் பணம் திரட்டினார்கள். அந்த ஆண்டு மார்ச் 30 அன்று, 79 வயதில் மறைந்தீர்கள்.

சார், இந்த நன்றியில் சரிபாதி ஃபபியோலா அம்மாவுக்கும் சேர வேண்டும். காலை மணியடிக்கும் முன்னும், பள்ளி விட்ட பின்னும், சனிக்கிழமையும் வகுப்பு வைக்கும் வாத்தியாரின் வீட்டை யார் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று என் வீட்டில் கேட்டாலே விவரமாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியன்