பெயரில்லா உருவங்கள்

1958இல் டென்மார்க்கில் காப்புரிமைக்குப் பதிவான லெகோ கட்டைகளால் வீடும் வண்டியும் சமைப்போர் பலர். நான் எதையும் ஒத்திராத உருவங்களையே அடுக்கி வருகிறேன். எட்டுக் குமிழ்களுடைய, ஒரே நிற ஆறு கட்டைகளை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்கிறது கணிதம். அவற்றுள் பெயர் சூட்டத்தக்கவை மிகச் சிலவே. எஞ்சியவற்றில்தான் என் நாட்டம்.

ஒற்றைக் குமிழில் மாட்டிய கட்டை சுழலும். இரண்டில் மாட்டியது அசையாது. வளைவு முதலதிலிருந்தே பிறக்கிறது, உறுதியோ குறைந்துவிடுகிறது.

‘இது என்ன?’ என்று வினவுவோருக்கு என்னிடம் விடையில்லை. சொல்ல இயன்றிருந்தால் எழுதியிருப்பேன்.

இருப்பவை ஒரு பெட்டிக் கட்டைகளே. புதிதொன்று வேண்டின் பழையதைக் கலைத்தாக வேண்டும். கவிதையில் அடித்த சொல் தாளில் தங்கும். இங்கே சுவடும் எஞ்சுவதில்லை. கலைக்கும்போது கை தயங்கும்வரைதான் எனக்கு இது கலை. தயங்காத நாளில் வெறும் பொழுதுபோக்கு.