எங்கே நிறுத்துவது?

பருவத்தேர்வுத் தாளில் 'பொருத்துக' பகுதியைத் திருத்துவதுதான் சுலபம். தேயிலை – வடிகட்டுதல், நெல் – தூற்றுதல், தயிர் – கடைதல், கடல்நீர் – ஆவியாதல். ஆறாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "தயிரை ஏன் வடிகட்டி வெண்ணெய் எடுக்கக் கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். பொருளின் பெயருக்கும் முறையின் பெயருக்கும் நடுவே கோடு போடத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் என் வகுப்பில் ஒரு நிபந்தனை உண்டு. பிரிக்கும் முறையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், கலந்து கிடக்கும் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்ல வேண்டும். பதர் கனமில்லாதது, காற்றுக்கு அது போதும். இரும்புத்தூளைக் காந்தம் இழுக்கும், கந்தகத்தை இழுக்காது. வேறுபாடு கிடைத்துவிட்டால் முறை தானாக வந்துவிடும், பெயரை மறந்தாலும் பாதகமில்லை. சர்க்கரையும் உப்பும் கலந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் தண்ணீரில் கரையும். வகுப்பே யோசித்துக்கொண்டிருக்க, கடைசி வரிசையிலிருந்து, "எறும்பை விடுங்க டீச்சர்" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சர்க்கரை திரும்பக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் ஒருவன்தான் வேறுபாட்டைத் தேடினான்.

தனிமம், சேர்மம், கலவை என்ற வரையறைகளைப் பாடநூல் முதலில் வைக்கும், பிரித்தெடுத்தலைப் பின்னால் வைக்கும். நான் தலைகீழாக நடத்துகிறேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளியில் இதற்குத் தனி வசதி இருக்கிறது. பிள்ளைகளில் பலருடைய அம்மாவோ அப்பாவோ உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். 'கடல்நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும்' என்ற வரியை நான் வாசித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "அப்படிக் கடைசி வரைக்கும் காயவிட மாட்டாங்களே டீச்சர். பாதியிலயே தண்ணிய வெளிய விட்ருவாங்கல்லா?"

அவள் சொன்னதில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சோற்றில் போடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுக்குத்தான் தேறும். மிச்சத்தில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். எல்லாவற்றையும் மொத்தமாக வற்றவைத்தால் எல்லாம் மொத்தமாகத்தான் வரும். உப்பளக்காரர்கள் நம்பியிருப்பது வெயிலை மட்டுமல்ல, ஒவ்வொன்றும் கரையும் அளவில் உள்ள வேறுபாட்டையும்தான். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோற்றுப்பு மணி கட்டும். மெக்னீசியம் உப்புகள் அதற்குப் பிறகும் வெகுநேரம் தண்ணீரை விடாமல் கிடக்கும். ஆகவே ஜிப்சத்தை முதல் பாத்திகளிலேயே விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திறக்கிறார்கள். அங்கே உப்பு விளைந்ததும், மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள்.

எப்போது திறப்பது என்பதற்கு டிகிரி பார்ப்பார்கள். மிதவைக் கருவி ஒன்றை நீரில் விட்டு அடர்த்தியை அளப்பதுதான் அது. பாமே என்ற அளவு. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. தூத்துக்குடி அளங்களில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உவர்நீரைத்தான் இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிட அடர்த்தியானது என்பதால் வெயிலுக்கு அவ்வளவு வேலை மிச்சம். 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியமும் கூடவே வந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் கருவிக்கு முன்னால் நிறத்தைப் பார்ப்பார்கள். அதிக உவர்ப்பில் மட்டுமே பெருகும் நுண்ணுயிர்கள் நீரை லேசாகச் சிவக்க வைக்கும். 'ஆவியாதல்' என்று ஒரு சொல்லில் பாடநூல் முடித்துக்கொண்ட வேலை இது.

வகுப்பில் இதற்கு இரண்டு எவர்சில்வர் தட்டுகள் போதும். இரண்டிலும் அளத்து நீரை ஊற்றி மாடிச் சுவரில் வைக்கிறோம். ஒன்றில் உப்பு நன்றாகக் கட்டியதும் மிச்ச நீரை இறுத்து, ஒரு புட்டியில் எடுத்து வைக்கிறோம். இன்னொன்றைக் காய்கிறவரை காயவிடுகிறோம். பிறகு இரண்டையும் வகுப்பறை அலமாரியில் வைத்துவிடுவேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, முழுக்கக் காயவிட்ட தட்டு மறுபடியும் நசநசத்துப் போகும். மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதுதான் காரணம். இறுத்து எடுத்த உப்பு அந்த அளவுக்குக் கசியாது. நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆய்வு வேளையில் நாக்குக்கு வேலையில்லை என்பது என் இரண்டாவது நிபந்தனை.

புட்டியில் எடுத்து வைத்த கசப்பு நீரைக் கொட்ட வேண்டாம் என்பேன், ஏனென்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. பிரான்சின் மான்பெலியே நகரில் அந்தோவான் பலார் என்ற இளைஞர், உப்பளத்தில் உப்பெடுத்த பின் மிஞ்சிய இதே நீரில் குளோரினைச் செலுத்திப் பார்த்தார். நிறம் மாறியது. அதிலிருந்து செம்பழுப்பான, நாற்றமடிக்கும் ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்து 1826-இல் அறிவித்தார். புரோமின் என்ற தனிமம் அப்படித்தான் தெரியவந்தது. கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம்தான். சோற்றுப்பை எடுத்துக்கொண்டே போனதால் மிஞ்சிய நீரில் அது செறிந்திருந்தது. எதை எடுத்தோம் என்று கேட்கிற நாம், எதை விட்டோம் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

இதுவரை கலவை. இனி அந்தச் சுத்தமான உப்பு மணியை வைத்துக்கொண்டு, "இதிலிருந்து சோடியத்தை மட்டும் எடுங்கள்" என்பேன். சல்லடை, வடிதாள், காந்தம், அடுப்பு என்று வரிசையாகச் சொல்வார்கள். எதுவும் உதவாது, எந்தத் துணுக்கை எடுத்தாலும் அதே உப்புதான், அதே விகிதம்தான். வெடிக்கும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து உணவாகிறது என்று வியப்பாகச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் அதை மந்திரக் கதை போலக் கேட்டு நம்பிவிடுகிறார்கள். அதைவிட, தோற்றுப்போகும்வரை அவர்களை முயலவிடுவது மேல்.

பிறகு இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, உப்புக் கரைசல், துளி மஞ்சள் தூள். ஜன்னலோரமாக, ஓரிரு நிமிடம் மட்டும். எதிர்முனைப் பென்சிலில் குமிழிகள் கிளம்பும், அதைச் சுற்றி மஞ்சள் சிவக்கும். நேர்முனைப் பக்கம் குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாசனை. குளோரின் வந்துவிட்டது. "சோடியம் எங்க டீச்சர்?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. தண்ணீர் இருக்கும்வரை அது வெளியே வராது. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன்தான் வரும், கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேரும். மஞ்சள் சிவப்பது அதனால்தான். ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்து ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதும் இந்த வழியில்தான். தண்ணீரே இல்லாமல், உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807-இல் சோடியத்தைக் கண்டார்.

தனிமத்துக்கு வரையறை எழுதும் நேரம் இங்கேதான் வருகிறது. வேதியியலாளர் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட பட்டியலில் 33 தனிமங்கள் இருந்தன. அதில் சுண்ணாம்பும் உண்டு, மெக்னீசியாவும் உண்டு. அவர் காலத்துக் கருவிகளால் அவற்றை அதற்குமேல் உடைக்க முடியவில்லை. உடைக்க முடியாதவரை தனிமம் என்று வைத்துக்கொண்டார். 1808-இல் டேவி மின்சாரத்தைக் கொண்டு இரண்டையும் பட்டியலிலிருந்து இறக்கினார். இதைக் கேட்ட பிறகு, 'தனிமம்' என்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் வேண்டும்.

கடைசி வகுப்பில் கடையில் வாங்கிய உப்புப் பாக்கெட்டை மேசையில் வைப்பேன். இது சேர்மமா, கலவையா? பெரும்பாலோர் சேர்மம் என்பார்கள். யாராவது பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருப்பதை வாசிப்பார்கள். பொட்டாசியம் அயோடேட், மிகச் சிறிய அளவில். "அவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் கலவைதானா டீச்சர்?" என்பாள் ஒருத்தி. "எங்க அளத்து உப்புல மண்ணே இருக்கும்" என்பான் இன்னொருவன். மணி அடிக்கும்வரை சண்டை ஓயாது. விடைக்குறிப்பில் 'உப்பு – சேர்மம்' என்றுதான் இருக்கிறது. காரணத்தோடு கலவை என்று எழுதியவருக்கும் நான் மதிப்பெண் போடுகிறேன்.