ஒத்துப்போகாத இலக்கங்கள்

பழைய பஸ் ஒன்றுக்கு ஓர் இலக்கம்தான் என்று நினைப்பவர்கள் அதன் முன்னாலும் பின்னாலும் இருக்கும் தகட்டை மட்டும் பார்த்தவர்கள். குனிந்து பார்த்தால் சேசியில் ஒன்று, எஞ்சினில் ஒன்று, கூடு கட்டிய பட்டறை பஸ்ஸின் வாசலுக்கு மேலே அறைந்துவிட்ட சின்னத் தகட்டில் இன்னொன்று என்று இருக்கும். நாலையும் நாலு கைகள் நாலு தேவைகளுக்காக எழுதின. எல்லாம் ஒத்துப்போனால் சந்தோஷம்தான், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியவராது. ஒத்துப்போகாத இடத்தில்தான் அந்த வண்டி எங்கெல்லாம் போய் வந்தது என்பது கிடக்கும்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கம் போகிற வழியில் ஒரு கராஜ். அதன் முதலாளி வயதானவர். பழைய வாகனங்கள்மேல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கையுதவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால் நான் போய் நிற்பேன். அங்கே வந்து சேர்ந்தது ஒரு ஃபியற் 306. 1956இல் அறிமுகமான மொடல்; எஞ்சின் தரைக்குக் கீழே, நடுவில், படுக்கவைத்தபடி இருக்கும். ஸ்டியரிங் வலது பக்கம். இத்தாலி வலப்பக்கமாக ஓடுகிற நாடு, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். மலைப்பாதையில் சாரதிக்கு ஓரத்துப் பள்ளம் தெரியவேண்டும், அதனால் இங்கே லொறியும் பஸ்ஸும் நெடுங்காலம் வலது கை ஸ்டியரிங்தான் என்றார். யாழ்ப்பாணத்து ஆளான எனக்கு அந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தபோது வீட்டுக்குப் போனதுபோல இருந்தது.

இந்த ரக வண்டிகளுக்கு ஃபியற் கொடுத்தது பெரும்பாலும் சேசியும் எஞ்சினும்தான். கூட்டை மொடெனாவின் ஒர்லாந்தி, பொலோஞ்ஞாவின் மெனாரினி, ஸ்கியோவின் தல்லா வியா போன்ற பட்டறைகள் கட்டின. அசோக் லேலண்ட் சேசியைக் கரூருக்கு ஓட்டிப்போய்க் கூடு கட்டுவித்துக்கொள்ளும் தமிழ்நாட்டு முதலாளிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆக, பிறந்த நாளிலேயே அந்த பஸ்ஸுக்கு இரண்டு ஊர், இரண்டு இலக்கம்.

சேசி இலக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அரை நூற்றாண்டு கிரீசும் மண்ணும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பிறகு கம்பி பிரஷ், பிறகு சோக்குத் தூள். தூளைப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். இலக்கங்கள் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒரு மூன்று கொஞ்சம் சாய்ந்து நின்றது. வரிசையின் இரண்டு அந்தத்திலும் ஒரு நட்சத்திரம். பிற்பாடு யாரும் ஓர் இலக்கத்தை இடையில் சேர்த்துவிடாமல் இருப்பதற்கு. கடதாசியை மேலே வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தோம். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்றும் கேட்கிற அதே பென்சில் பிரிண்ட்.

இப்போது ஓடும் வாகனங்களில் இந்தச் சிக்கல் குறைவு. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சர்வதேச முறை 1970களின் பிற்பகுதியில்தான் வந்தது. ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் கிடையாது. ஒன்று, பூச்சியம் என்று வாசித்துவிடக் கூடாதே. இத்தாலியில் செய்த வண்டிக்கு முதல் எழுத்து இசட், இந்தியாவுக்கு எம். அதற்கு முந்திய வண்டிகளுக்கு ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு கணக்கு.

எங்கள் பஸ்ஸின் தகடு பி.ஏ. என்று தொடங்கியது, அதாவது பலெர்மோ மாகாணம். 1927 முதல் இத்தாலியத் தகடுகளில் மாகாணத்தின் எழுத்துகள் இருந்தன. அதே ஆண்டில் தொடங்கியதுதான் பி.ஆர்.ஏ. என்கிற பொது வாகனப் பதிவேடு. 1994இல் புதிய தகடு வரும்வரை, வாகனம் வேறு மாகாணத்து உரிமையாளரிடம் போனால் தகட்டையும் மாற்றவேண்டும். ஆகவே பி.ஏ. என்று இருப்பது அது பலெர்மோவில் பிறந்ததற்கு அத்தாட்சி அல்ல. பதிவேட்டிலிருந்து உரிமையாளர் வரிசையை எடுத்துப் பார்த்தபோது முதல் தகடு வடக்கே பிரெஷ்சா மாகாணத்தினுடையது என்று வந்தது. எஞ்சின் இலக்கமோ எந்தக் காகிதத்தோடும் சேரவில்லை. வடக்கில் பிறந்து, மெஸ்ஸினா நீரிணையைக் கடந்து சிசிலிக்கு வந்து, எங்கேயோ ஓரிடத்தில் இதயத்தையும் மாற்றிக்கொண்ட வண்டி. அண்மைச் சட்டத்தின்படி பழைமையான வாகனங்களுக்கு முதல் தகட்டையே திரும்ப வாங்கலாம். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். "தம்பி, இது கிழடானது இங்கேதானே" என்ற மாதிரி ஏதோ சிசிலிய மொழியில் சொன்னார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இந்த நாட்டில் எனக்கும் ஓர் இலக்கம் உண்டு. கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி இலக்கம், 16 எழுத்தும் எண்ணும். பெயரின் மெய்யெழுத்துகள், பிறந்த ஆண்டு, மாதம், நாள் எல்லாம் அதற்குள் இருக்கும். பெண்ணானால் நாளோடு 40ஐக் கூட்டுவார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடத்தின் குறி இசட்டில் தொடங்கும். இலங்கைக்கு இசட் 209. இத்தாலிய வண்டிக்கு உள்நாட்டான் என்று சொல்கிற அதே எழுத்து, என்னை வெளிநாட்டான் என்கிறது. பலெர்மோத் தமிழர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், வதிவிட அட்டையில் வேறொன்று. அந்த பஸ்ஸின்மேல் எனக்கு வந்த ஒட்டுதலுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பஸ்ஸும் இலக்கமும் என்றால் எங்கள் பக்கத்துக் கதை இதைவிடப் பெரிது. இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டனில் ஓடி முடித்த ஆர்.ரி. ரக இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. லண்டனில் அவற்றை முழுமையாகத் திருத்தும் ஆல்டன்ஹாம் பட்டறையில் கூட்டைச் சேசியிலிருந்து தூக்கி எடுத்து, திரும்பும்போது வேறொரு கூட்டைப் பொருத்துவது சாதாரணம். பெயரும் தகடும் அப்படியே இருக்கும், உடம்பு மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு பஸ் கொழும்புக்கு வந்து இலங்கைத் தகடும் வாங்கிக்கொண்டால், அதன் பூர்வீகத்தைத் தேடுபவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தச் சபை தொடங்கியது 1958 ஜனவரி 1. சிங்கள ஸ்ரீ பொறித்த தகடுகளோடு அதன் பஸ்கள் வடக்கே வந்ததும் அதே ஆண்டில்தான். தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கியது. தகடுகளில் தமிழ் ஸ்ரீ எழுதப்பட்டது. தெற்கில் தமிழ் எழுத்துகள்மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்கா, அக்கட்சியின் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கிழித்தார். மே மாதத்தில் கலவரம். சேசி இலக்கம் தொழிற்சாலைக் கணக்கு. தகட்டில் இருப்பது அரசாங்கத்தின் கை. அந்த ஆண்டின் தகடு ஒன்று இன்று கிடைத்தால் அது பழைய இரும்பு அல்ல.

ஆனால் தகடுகளும் பஸ்களும் போரிலும் இரும்புக் கடையிலும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது படங்கள். கலியாண வீட்டுக்குப் போகும்போதோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவிலோ பஸ்ஸுக்கு முன்னால் நின்று எடுத்த படம் உங்கள் வீட்டு அல்பத்தில் இருக்கக்கூடும். அடுத்த முறை பார்க்கும்போது ஆட்களோடு தகட்டையும் பாருங்கள். இலக்கம் தெரிந்தால், விஷயம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த முதலாளியின் பஸ் என்று கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.