கோடி வீட்டு ஆயாவின் தூளி

பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் தெருவில், வெளிச்சம் வருவதற்குள் அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். என் அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். பால்வாடி திறக்கப் பொழுது நன்றாக ஏறிவிடும். சாயங்காலம் அம்மா திரும்புவதற்குள் அதைப் பூட்டியும் விடுவார்கள். மீதி நேரத்தில் என்னை வளர்த்தது கோடி வீட்டு ஆயாதான்.

ஆயா வீட்டில் எப்போதும் ஒரு தூளி தொங்கும். அதில் யார் பிள்ளை தூங்குகிறது என்பது மட்டும்தான் மாறும். அடுப்புப் பக்கமும் கால்வாய்ப் பக்கமும் எங்களைப் போகவிடக் கூடாது, அவ்வளவுதான் ஆயாவின் சட்டம். பால்வாடி நேரம் வந்ததும் கைகோத்து வரிசையாக அழைத்துப்போவார். எதிர்வீட்டு அக்கா சத்துமாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்துத் தருவார். சம்பள நாளில் அம்மாக்கள் வெற்றிலை பாக்கோடு, கையில் இருந்த பத்தோ இருபதோ ஆயாவுக்குக் கொடுப்பார்கள்.

இதை ரொம்பவும் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆயாவுக்கு முட்டி வலி வந்த மாதம், அம்மா ஒரு வீட்டு வேலையை விட வேண்டியிருந்தது. ஐந்தாறு குடும்பங்களின் வருமானம் ஒரு கிழவியின் முட்டியை நம்பி இருந்தது!

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். நல்ல விஷயம்தான். மூன்று வீடுகளில் தனியாளாக வேலை பார்க்கும் என் அம்மா அந்த 50-ல் எங்கே வருவார்?

சமீபத்தில் ஒரு வீடியோவுக்காகப் பெரும்பாக்கம் போயிருந்தேன். நீர்நிலை ஓரங்களில் இருந்து அகற்றப்பட்டவர்களுக்கான எட்டு மாடிக் குடியிருப்புகள். குலுக்கலில் வீடு கிடைத்த ஓர் அக்கா, இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்தபடி பேசினார்.

"அங்க கதவைத் தொறந்து போட்டுட்டு வேலைக்குப் போவேம்மா, தெருவே பாத்துக்கும். இங்க பக்கத்து வூட்ல யாருன்னே தெரில. யாராண்ட வுட்டுட்டுப் போறது?"

வேலையை விட்டுவிட்டார்.

ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே மாடியில் வீடு ஒதுக்க, கூடுதலாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு ஒழுங்கான சம்பளமும் கொடுத்தால், இவரைப் போன்றவர்கள் மறுபடி வேலைக்குப் போவார்கள்.

அந்த அக்காவின் பழைய எதிர்வீட்டுக்காரர் இப்போது நான்கு பிளாக் தள்ளி, ஏழாவது மாடியில் இருக்கிறாராம். லிஃப்ட் ஓடும் நாள்களில் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.