திதியும் கணிதக் கருவியும்

ஊரைவிட்டு வந்த குடும்பங்களில், பெற்றோரின் திதி எந்நாள் என்ற ஐயம் ஆண்டுதோறும் எழுவதுண்டு. ஊரில் தமையனார் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்து ஒரு நாளைச் சொல்லுகிறார். கொல்கத்தாவில் நம் கைப்பேசி மறுநாளைக் காட்டுகிறது. ஆதலால், கிரக நிலை கணிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கையில் நாம் மூன்று விஷயங்களைக் கவனிக்கலானோம்.

முதலாவது, கணிதத்தின் ஆதாரம். ‘ஸ்விஸ் எபிமெரிஸ்’ கொண்டு இயங்குபவை அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் கணக்கைத் தழுவியவை. திருக்கணிதத்தோடு ஒத்து நிற்பவை. வாக்கியமோ பழைய சூத்திரங்களின் வழிச் செல்வது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி வேறுபடக்கூடும்.

இரண்டாவது, அயனாம்சம். 1957 முதல் வெளிவரும் ராஷ்டிரீய பஞ்சாங்கம் சித்திரா பக்ஷ அயனாம்சத்தைக் கொண்டது. மென்பொருளில் இது ‘லாஹிரி’ என்றிருக்கும். நட்சத்திரம் பார்ப்பதற்கு இத்தேர்வு அவசியம். திதிக்கு அன்று; சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள தொலைவில் 12 பாகைக்கு ஒரு திதி என்பதால், அயனாம்சம் அதை மாற்றாது.

மூன்றாவது, இடம். திதி முடியும் கணம் எங்கும் ஒன்றே. ஆனால் சிரார்த்தத்திற்குரிய அபராஹ்ணம், அவ்வூரின் பகலை ஐந்தாகப் பகுத்ததில் நான்காம் கூறு. கொல்கத்தா சென்னைக்குச் சுமார் 8 பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிஷமாக, இங்கே உச்சிவேளை ஏறக்குறைய 32 நிமிஷம் முந்துகிறது. சென்னையின் நேரத்தையே காட்டும் மென்பொருள் நமக்கு உதவாது.

எந்தக் கணிதம் என்பதை மட்டும் எந்தக் கருவியும் தீர்க்காது. ஒரே தந்தைக்குப் பிள்ளைகள் இருவர் இரு நாட்களில் பிண்டமிடுவது நமக்கு உவப்பன்று. ஆகவே நாளைத் தமையனாரிடம் கேட்டுக்கொள்கிறோம். வேளையை மென்பொருளில் பார்த்துக்கொள்கிறோம்.